இடைப்பட்ட வருஷங்கள்

ஒருவனும் ஒருத்தியும் பிரிகிறார்கள். வருஷங்கள் போகின்றன. மறுபடி சந்திக்கிறார்கள், சேர்ந்துவிடுகிறார்கள். இன்று ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் விற்கும் நாவல்களில் இது ஒரு தனி ரகம். 'இரண்டாவது வாய்ப்புக் காதல்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். 'நண்பர்கள் காதலர்களாவது' என்பது பக்கத்து அலமாரி. ஜவுளிக்கடையில் கரையைச் சொல்லிப் புடவை கேட்பதுபோல வாசகர்கள் ரகத்தைச் சொல்லிப் புத்தகம் கேட்கிறார்கள். பதிப்பகங்கள் அப்படியே நெய்து தருகின்றன. வியாபாரம் வியாபாரமாக நடந்துவிட்டுப் போகட்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியவர்கள் நாம். இதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

என்னைப் பேசவைப்பது வேறு விஷயம். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களும் இதில் எழுதுகிறவர்களுமான நம் சிறு வட்டத்திலேயே இந்த ரகத்துக்கு ஒரு இலக்கிய அந்தஸ்து கிடைத்து வருகிறது. நவீன இலக்கியம் கசப்பையும் முறிவையும் பேசிப்பேசிச் சலித்துவிட்டது. மனிதர்கள் மன்னிக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள், அதையும் எழுத வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. மனிதர்கள் மன்னிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இதற்குச் சாட்சியாக அவர்கள் எடுத்துக்காட்டும் புத்தகங்களில் பெரும்பாலானவை மன்னிப்பைப் பற்றியவையே அல்ல என்பது என் வாதம். மன்னிப்பு என்றால் முதலில் ஒரு நஷ்டம் இருந்தாக வேண்டும். இவற்றில் யாருக்கும் எதுவும் நஷ்டமாவதில்லை.

பிரிந்து சேரும் கதையில் பிரிவதும் சேர்வதும் வெறும் இரண்டு சம்பவங்கள். கதை இருப்பது இடைப்பட்ட வருஷங்களில். அந்த வருஷங்களில் அவன் வேறு யாரோ ஆகியிருக்கிறான், அவளும்தான். பழைய அன்பைக் கோரிக்கொண்டு வந்து நிற்கிறவன் அன்று அதைப் பெற்றவன்தானா? கொடுக்க வேண்டியவள் அன்று கொடுத்தவள்தானா? இந்த இரண்டு கேள்விகளையும் எதிர்கொள்ளாத ஆசிரியனுக்கு எழுதுவதற்கு விஷயமே இல்லை. சந்திப்பு மட்டும்தான் மிச்சம். அதற்கு ஒரு மழையோ ஒரு விமான நிலையமோ போதும்.

நான் வங்கியில் குமாஸ்தா. என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தொடாத கணக்கை நாங்கள் செயலற்ற கணக்கு என்று தனியே ஒதுக்கிவிடுகிறோம். பத்து வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தால் பணம் அதற்கென்று ரிசர்வ் வங்கி 2014ல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடுகிறது. பணம் தொலைவதில்லை, உரியவர் எப்போது வந்து கேட்டாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வருகிறவர் உரியவர்தானா என்பதை முதலில் பார்க்கிறோம். கையெழுத்துப் போடச் சொல்கிறோம். அநேகமாக ஒத்துப்போவதில்லை. ஒருவருக்குக் கை நடுங்குகிறது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறியிருக்கிறது. தான் முன்னாளில் எப்படிக் கையெழுத்திட்டோம் என்பதே ஒருவருக்கு மறந்துபோயிருக்கிறது. மோசடி எதுவும் இல்லை. ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். புகைப்படம், முகவரி, அடையாளச் சான்று என்று எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்ட பிறகே கணக்கு உயிர் பெறுகிறது. வாழ்க்கையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் இந்தச் சிரத்தையைக்கூட நான் சொல்கிற நாவலாசிரியர்கள் எடுத்துக்கொள்வதில்லை. கௌண்டரில் வந்து நின்றவுடன் அசலும் வட்டியுமாக எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உதாரணங்களுக்கு வருகிறேன். எமிலி ஹென்றியின் 'பீப்பிள் வீ மீட் ஆன் வெகேஷன்' 2021ல் வந்தது. பாப்பியும் அலெக்ஸும் கல்லூரி நாளிலிருந்து சிநேகிதர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கோடை விடுமுறையில் சேர்ந்து ஊர் சுற்றுகிறார்கள். ஒரு பயணத்தில் ஏதோ நேர்ந்து இரண்டு வருஷம் பேச்சில்லை. பிறகு கடைசியாக ஒரு பயணம், எல்லாம் சரியாகிவிடுகிறது. அத்தியாயங்கள் இந்தக் கோடைக்கும் பழைய கோடைகளுக்கும் மாறிமாறிப் போகின்றன. ஆசிரியை கெட்டிக்காரி, பேச்சு எழுதத் தெரிந்தவர், சிரிக்கவைக்கிறார். ஆனால் அவர் எழுதியிருப்பது என்ன என்று கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பத்து வருஷத்துக்கு மேல் சிநேகிதமாக இருந்திருக்கிறார்கள். அது அபூர்வமான விஷயம். நாவல் முடியும்போது அந்தச் சிநேகிதம் சிநேகிதமாகவே இருக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே காதலாகத்தான் இருந்தது என்று ஆகிவிடுகிறது. பின்தேதியிட்டு நட்பை ரத்து செய்துவிட்டார்கள். பத்துக் கோடைகளும் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமாகிவிட்டன. காதலை உயர்த்திப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு இந்த நாவல்கள் நட்பைத் தொடர்ந்து அவமதிக்கின்றன என்பதை நண்பர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

டேவிட் நிக்கல்ஸின் 'ஒன் டே' (2009) இதைவிடக் கௌரவமான புத்தகம். 1988 ஜூலை 15ல் தொடங்கி, ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் எம்மாவும் டெக்ஸ்டரும் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டே போகிறார். உத்தி சாமர்த்தியமானது, அதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. மீதி 364 நாள்களுக்கு ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மாற்றம் நிகழும் இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, மாறிய பிறகு உள்ள முகத்தை மட்டும் காட்டலாம். கடைசியில் இருவரும் சேர்ந்து, கல்யாணமும் ஆகி, பதினைந்து வருஷத்து ஏமாற்றங்களோடு ஒரே வீட்டில் எப்படி வாழப்போகிறார்கள் என்ற கேள்வி எழும்போது, எம்மா சைக்கிள் விபத்தில் செத்துப்போகிறாள். டெக்ஸ்டரின் பிற்காலத் துக்கத்தை நிக்கல்ஸ் நேர்மையாகவே எழுதியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மரணம் எம்மாவுக்கு நேர்ந்ததைவிட ஆசிரியருக்குத் தேவைப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது வாய்ப்பை வாழ்ந்து பார்ப்பதைவிட அதற்காக அழுவது சுலபம்.

இதற்கு மாற்றாக நான் முன்வைக்கும் புத்தகம் இருநூறு வருஷத்துக்கு முற்பட்டது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் பரீட்சைக்குக் குறிப்பெடுத்துவிட்டு மறந்துபோன 'பெர்ஸுவேஷன்'. ஜேன் ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தார். அந்த வருஷக் கடைசியில் புத்தகம் வெளிவந்தது. ஆன் எலியட் பத்தொன்பது வயதில், தாய் ஸ்தானத்தில் இருந்த லேடி ரஸ்ஸலின் பேச்சைக் கேட்டு, பணமில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை நிராகரிக்கிறாள். எட்டு வருஷம் கழித்து அவன் கப்பல்களைப் பிடித்துச் சம்பாதித்த இருபத்தையாயிரம் பவுனோடு திரும்புகிறான். அவளுக்கு இருபத்தேழு. அவளைப் பார்த்துவிட்டு, அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று சொல்கிறான். அது அவள் காதுக்கும் வந்து சேர்கிறது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை. ஆஸ்டினின் நாவல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சேர்ந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. வென்ட்வொர்த் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான்: 1808லேயே கையில் கொஞ்சம் பணமும் சொந்தக் கப்பலின் பொறுப்பும் வந்தபோது அவளுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவள் சம்மதித்திருப்பாள். எழுதவிடாமல் தடுத்தது அவனுடைய கர்வம். ஆக ஆறு வருஷத்து வேதனைக்கு லேடி ரஸ்ஸல் காரணமில்லை, அவனே காரணம். காதல் கைகூடிய அதே மணி நேரத்தில் ஆஸ்டின் அவனிடம் இந்த ரசீதை நீட்டுகிறார். ஆனும் லேசுப்பட்டவள் அல்ல. அன்று அந்தப் பேச்சைக் கேட்டது தனக்குச் சரிதான், அந்த அறிவுரையைத் தான் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றாலும், என்கிறாள். இழந்த வருஷங்களை இழந்தவையாகவே அவள் வைத்துக்கொள்கிறாள். அவற்றைத் திருப்பித் தரும்படி அவள் யாரையும் கேட்கவில்லை, ஆசிரியையும் தரவில்லை.

இன்னொன்று. இந்த நாவலின் முடிவை ஆஸ்டின் இரண்டு தடவை எழுதினார். 1816 ஜூலையில் எழுதி முடித்த முதல் முடிவில் கிழட்டு அட்மிரல் ஒருவர் ஆனை வீட்டுக்கு அழைத்துப்போகிறார். அங்கே வென்ட்வொர்த் இருக்கிறான். ஒரு தவறான வதந்தியை விசாரிக்கப்போய் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். இன்றைய பதிப்பாசிரியன் கைதட்டி வாங்கிக்கொண்டிருப்பான். ஆஸ்டினுக்குத் திருப்தி இல்லை. ஒதுக்கிவிட்டு வேறு எழுதினார். ஒதுக்கப்பட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. புதிய முடிவில் மத்தியஸ்தர் யாரும் இல்லை. ஆனும் ஹார்வில் என்ற மாலுமியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஹார்விலின் தங்கை இறந்துபோனவள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் சீக்கிரமே வேறு ஒருத்தியை மணக்கத் தயாராகிவிட்டான். தங்கைக்கென்று வரைந்த அவனுடைய படத்தைப் புதியவளுக்காகச் சட்டம்போட்டுத் தரும் வேலை ஹார்வில் தலையில் விழுந்திருக்கிறது. ஒருவனுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு இன்னொருவனுக்கு எப்படி வலிக்கிறது என்பதிலிருந்து அந்தப் பேச்சு பிறக்கிறது — ஆண் சீக்கிரம் மறக்கிறானா, பெண்ணா என்று. இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் காதல் இல்லை; சிநேகிதம் மட்டும்தான். அதே அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்கிறான். கேட்டபடியே அவளுக்குக் கடிதம் எழுதுகிறான். காதலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நட்பு அல்ல இது. நட்பில் பேசக்கூடிய உண்மையைப் பேசியதால்தான் காதலுக்கும் பேச்சு வந்தது.

மிஸஸ் ஸ்மித்தையும் சொல்ல வேண்டும். ஆனின் பள்ளித் தோழி, விதவை, வாதநோயில் நடக்க முடியாமல் பாத் நகரத்தில் ஒரு மட்டமான தெருவில் கிடக்கிறாள். பட்டம் பெற்ற உறவினர் வீட்டு அழைப்பைத் தள்ளிவிட்டு ஆன் அவளைப் பார்க்கப் போகிறாள். அந்தத் தோழியும் தேவதை இல்லை. தனக்கு ஆகவேண்டிய காரியத்துக்காக, ஆனை மணக்க நினைக்கும் ஒருவனைப் பற்றித் தனக்குத் தெரிந்த உண்மையைச் சில நாள் மறைத்தே வைக்கிறாள். வறுமை நட்பை என்ன செய்யும் என்று ஆஸ்டினுக்குத் தெரியும். இன்றைய நாவல்களில் வரும் தோழிகளோ கதாநாயகியின் தொலைபேசியை எடுப்பதற்கென்றே பிறந்தவர்கள்.

பழசைச் சொல்லித் தப்பிக்கிறான் என்பார்கள். சமீபத்திலேயே சரியாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். மார்க்வெஸின் 'காலரா காலத்தில் காதல்' 1985ல் வந்தது. ஐம்பத்தொரு வருஷம், ஒன்பது மாசம், நாலு நாள் காத்திருந்து காதலியை அடைந்தவனின் கதை என்று அதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கா விகுன்யாவை யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃப்ளோரென்டினோ அரிஸாவின் பொறுப்பில் படிக்க அனுப்பப்பட்ட பதினாலு வயதுச் சிறுமி. எழுபது தாண்டிய அவன் அவளைத் தன் ஆசைக்குப் பயன்படுத்துகிறான். ஃபெர்மினா தாஸாவின் புருஷன் இறந்ததும் விட்டுவிடுகிறான். அந்தப் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். கப்பலில் அவனுக்குச் செய்தி வருகிறது. கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. மார்க்வெஸ் அதை மறைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அந்த அமரத்துவக் காதலுக்கு யார் கொடுத்த விலை என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். படிக்காமல் கடந்தது நாம்.

ஸாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' (2018) பற்றி நம் இளைஞர்கள் பேசுவதில் பாதி மிகை. கானலும் மரியானும் பிரிந்து சேர்வது மூன்றாவது நான்காவது தடவைக்குப் பிறகு ஒரு பழக்கமாகவே ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு பிரிவு மட்டும் உண்மையானது. கோடைக்கு டப்ளினில் அறை வாடகை கொடுக்க அவனிடம் பணம் இல்லை. உன்னோடு தங்கிக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்க வாய் வரவில்லை. அவன் அம்மா அவள் வீட்டில் துப்புரவு வேலை செய்தவள். தன்னை விலக்குகிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். மழையும் இல்லை, வில்லனும் இல்லை, வாடகைப் பணம். மனிதர்கள் எதனால் பிரிகிறார்கள் என்று தெரிந்தவர் எழுதிய இடம் அது. கேப்ரியல் ஸெவினின் 2022 நாவலில் — தலைப்பு மேக்பெத்திலிருந்து எடுத்தது — ஸாமும் ஸேடியும் சிறுவயதில் ஆஸ்பத்திரியில் சிநேகிதமாகிறார்கள். அவள் தன்னோடு கழித்த நேரத்தைச் சமூகசேவைக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததும் அவன் பேச்சை நிறுத்திவிடுகிறான். பல வருஷம் கழித்து மறுபடி பிடிக்கிறது. அந்தச் சிநேகிதத்தைக் காதலாக மாற்றிக் கௌரவப்படுத்த வேண்டும் என்று ஆசிரியை நினைக்கவில்லை. இரண்டாவது வாய்ப்பு நட்புக்கும் தேவைப்படும் என்பதை நம் விமர்சகர்கள் இந்த ஒரு புத்தகத்திலிருந்தாவது கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக, எனக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பலமானது ஒன்று. பெண்ணுக்கு முதல் வாய்ப்பே மறுக்கப்பட்ட சமூகம் நம்முடையது. அவள் தவறினாலும் இழந்தாலும் திரும்பத் தொடங்கலாம் என்று சொல்லும் கதை எத்தனை மலிவாக இருந்தாலும் விடுதலை அல்லவா என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. விதவை மறுமணச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. அதற்கப்புறமும் எத்தனை தலைமுறை நம் வீடுகளின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் அதனாலேயே நான் மறுக்கிறேன். இங்கே இரண்டாவது வாய்ப்புக்கு ஒரு பெண் கொடுக்கும் விலை பெரியது. அதை இலவசமாகக் கிடைப்பதாக எழுதுகிறவன், விலை கொடுத்தவளின் கணக்கைக் கிழித்துப்போடுகிறான்.

ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய உரத்த குரலும், பாத்திரங்கள் மேடையேறி வாதிடுவதும் எனக்கு ஒத்துக்கொண்டதில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் காட்டிய நேர்மைக்கு ஈடாக இப்போது எதுவும் கண்ணில் படவில்லை. 1966ல் 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய பெண்ணை அவள் தாய் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். பெரிய வாய்ப்பு, ஒரு குடம் தண்ணீரில் கிடைத்துவிட்டது. வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். 1970ல் புத்தகமாக வந்து 1972ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில், அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் என்று தன் கதையையே திருப்பிப்போட்டார். தான் கொடுத்த வாய்ப்பைத் தானே பிடுங்கிக்கொண்டு, விலையைக் கடைசிக் காசுவரை எண்ணிப் பார்த்தார்.

கங்கா பல வருஷம் கழித்து அந்த மனிதனைத் தேடிப் பிடிக்கிறாள். அவனுக்கு மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் உண்டாவதைக் காதல் என்று சொல்ல முடியவில்லை. சிநேகிதம் என்று சொன்னால் ஊர் நம்பாது. ஊர் வைத்திருக்கும் பெயர் வேறு. அந்தப் பெயரையே அவள் சுமந்துகொள்கிறாள். அவனோ கடைசியில் விலகிப்போகிறான். இந்த உறவை ஏற்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டைபோடலாம்; தன்னைக் கெடுத்தவனையே சிநேகிதனாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதில் ஒரு கொடுமை இருக்கிறது, அதை ஆசிரியர் முழுக்க உணர்ந்தாரா என்றுகூடக் கேட்கலாம். கேட்க இடம் இருக்கிறது. 'பீப்பிள் வீ மீட் ஆன் வெகேஷ'னில் சண்டைபோட என்ன இருக்கிறது?

நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிரிந்தவர்களைச் சேர்த்துவையுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவள் அந்தப் பன்னிரண்டு வருஷமும் எந்த ஊரில், யார் வீட்டில், என்ன சம்பளத்தில் இருந்தாள் என்று எழுதுங்கள். அவனுடைய மௌனத்துக்குக் காரணம் விதியா, கர்வமா, வாடகைப் பணமா என்று தேடிப்பாருங்கள். அவளுடைய காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த சிநேகிதியை, அவன் திரும்பி வந்த அன்று சமையலறைக் கதவோடு மறையவிடாதீர்கள். அவனுக்குத் தெரியாத வருஷங்களை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பேசவிட்டால் பல கதைகளில் இரண்டு பேரும் சேரமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சேராவிட்டால் என்ன?